கோவிவனும் ரப்பர் ஸ்டாம்பும்

சென்ற வாரம் மாலை நடையில் நண்பர் ஒருவர் கைப்பேசியை நீட்டினார். திரையில் பால் வெள்ளையில் ஒரு ராஜபாளையம் குட்டி. பேரன் கேட்கிறானாம். விற்பவர் வெளியூர்க்காரர். முன்பணம் அனுப்பினால் பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுவந்து தருவாராம். "பேப்பர் எல்லாம் இருக்காம் சார். நீங்கதான் ஆயுசு பூரா பேப்பர் பார்த்தவராச்சே, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. பேப்பரை நம்பி நாய்க்குட்டி வாங்கி அவமானப்பட்டவன் நான். அவரிடம் அதை அன்று சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் என் பேத்திக்காக ஒரு குட்டி வாங்கினேன். விற்றவர் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். "நாற்பத்தைந்து நாள் குட்டி, ஊசி போட்டாச்சு" என்று ஒரு அட்டையைக் கொடுத்தார். அதில் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் இருந்தன. முப்பத்து நான்கு வருஷம் அலுவலகத்தில் ஸ்டாம்பு குத்தியவனுக்கு ஸ்டாம்பைக் கண்டதும் மனசு சமாதானமாகிவிட்டது. தாய் எங்கே, எந்த ஊரில் பிறந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் நாள் வாந்தி, நாலாம் நாள் ரத்தபேதி, ஐந்தாம் நாள் விடியற்காலையில் குட்டி இறந்துபோயிற்று. பேத்தி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கால்நடை மருத்துவர் அந்த அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், தேதியைப் பார்த்தீங்களா?" என்றார். பிறந்தது மார்ச் 3. ஊசி போட்டது மார்ச் 24. அதாவது இருபத்தொரு நாள் குட்டிக்கு ஊசி. அந்தத் தடுப்பூசியை ஆறு வாரத்துக்கு முன் போடுவதில்லை. ஊசி மருந்துப் புட்டியின் லேபிளும் அட்டையில் ஒட்டப்படவில்லை. மருத்துவரின் பதிவு எண்ணும் இல்லை. பிறந்த தேதியையும் பணியில் சேர்ந்த தேதியையும் ஒத்துப் பார்த்தே காலம் தள்ளியவன், இதைக் கோட்டைவிட்டேன். அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். நாய் வாங்குவதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

நம் நாட்டில் நாய்க்குக் கிடைத்த பழைய நற்சான்று ஒன்று கல்லில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டு. மாட்டுச் சண்டையில் இறந்த வீரனுக்கு எடுத்த கல் அது. பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. அதன் அப்பன் யார், ஆத்தாள் யார் என்று கல்லில் ஒன்றுமில்லை. செய்த வேலை ஒன்றே சான்று.

பின்னாளில் பாளையங்கள் வந்தன. நம் திண்டுக்கல் சீமையில் விருப்பாட்சி, கன்னிவாடி, ஆயக்குடி என்று எத்தனை பாளையங்கள்! மேற்கே கோம்பை. தெற்கே ராஜபாளையம். வேட்டைக்கும் காவலுக்கும் அவரவர் வட்டாரத்தில் நாய் வளர்த்தார்கள். கோம்பை நாய், ராஜபாளையம் நாய் என்று ஊர்ப்பெயரே இனப்பெயராயிற்று. சாத்தூர், கோவில்பட்டிக் கரிசல் காட்டில் சிப்பிப்பாறை, கன்னி என்ற மெலிந்த வேட்டை நாய்கள். கல்யாணத்தின்போது பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் கன்னி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பெயர்க்காரணம் எப்படியோ, அதற்குள் ஒரு வழக்கம் தெரிகிறது. நல்ல குட்டியை விற்கமாட்டார்கள், தெரிந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். கொடுத்தவர் சம்பந்தி அல்லது பங்காளி. நோயாளிக் குட்டியைக் கொடுத்துவிட்டு அடுத்த திருவிழாவில் அவர் முகத்தில் விழிக்க முடியுமா? அந்த வெட்கம்தான் அன்றைய உத்தரவாதம். காகிதம் தேவைப்படவில்லை.

முகம் தெரியாதவர்கள் வாங்கி விற்க ஆரம்பித்த பிறகே காகிதம் வந்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் ஆசிரியர் ஒரு பிரெஞ்சுப் பழமொழி சொல்வார்: பைக்குள் இருக்கிற பூனையை வாங்காதே. தண்ணீருக்குள் கிடக்கிற எருமைக்கு விலை பேசாதே என்று நம்மூரில் சொல்வதும் அதுதான். பழைய ரோமாபுரியில் சந்தையை மேற்பார்த்த அதிகாரிகள், மாடு குதிரை விற்பவன் அதன் குறையை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். மறைத்தால் பிராணியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். பிரெஞ்சுக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு, 1838-இல் வீட்டு விலங்குகளுக்கென்றே சட்டம் போட்டார்கள். குதிரை, மாடு, ஆடு எல்லாம் அதில் இருந்தன. நாய் இல்லை.

நாய்க்கு முதலில் வந்தது சட்டம் அல்ல, பதிவேடு. லண்டனில் 1873-இல் கென்னல் கிளப் தொடங்கி, அடுத்த வருஷமே வம்சப் புத்தகத்தை அச்சிட்டார்கள். பிரான்சில் 1880களின் தொடக்கத்தில் சங்கம், 1885-இல் பதிவேடு. பிரெஞ்சு முறையில் எனக்குப் பிடித்தது ஒன்று. குட்டி பிறந்ததும் கொடுப்பது தற்காலிகப் பதிவுதான். வளர்ந்த பிறகு ஒரு நிபுணர் நாயை நேரில் பார்த்து, இனத்துக்கு உரிய லட்சணம் இருக்கிறது என்று உறுதி செய்தால்தான் நிரந்தரம். அரசு வேலையில் நமக்கு இருந்த தகுதிகாண் பருவம் போலத்தான்! காகிதம் இருந்தாலும் ஆளைப் பார்க்காமல் முடிவு செய்வதில்லை.

ஆனால் வம்சக் காகிதம் வம்சத்தைத்தான் சொல்லும். ஆரோக்கியத்தைச் சொல்லாது. நாய்க்குட்டிகளைக் கொன்றுவந்த டிஸ்டெம்பர் நோய்க்கு வைரஸ்தான் காரணம் என்று 1905-இல் ஆன்றி கார்ரே என்ற பிரெஞ்சு மருத்துவர் காட்டினார். பிரான்சில் இன்றும் அதற்குக் கார்ரே நோய் என்றே பெயர். 1978 வாக்கில் பார்வோ என்ற புது வைரஸ் உலகம் முழுக்கப் பரவிற்று. என் பேத்தியின் குட்டியைக் கொண்டுபோனது அதுதான். உள்ளே போய்ச் சில நாட்கள் ஒரு அறிகுறியும் காட்டாது. விற்கிற அன்று குட்டி துள்ளி விளையாடும்; வாங்கியவர் வீட்டில் வந்து விழும். மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே குட்டியை மட்டும் உற்றுப் பார்த்துப் பயனில்லை. அது பிறந்து வளர்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசியில் 1989-இல்தான் பிரெஞ்சுச் சட்டம் நாயையும் பூனையையும் சேர்த்துக்கொண்டது. நூற்றைம்பது வருஷம் கழித்து! டிஸ்டெம்பர், பார்வோ, இடுப்பு மூட்டுக் கோளாறு, பரம்பரைக் கண் நோய் போன்றவை விற்றவன் பொறுப்பு என்றார்கள். பார்வோ என்றால், குட்டியை வாங்கிய ஐந்து நாளுக்குள் மருத்துவர் சந்தேகச் சான்று எழுதித்தர வேண்டும். அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நம் குட்டி போனதும் ஐந்தாம் நாள்தான். 2021-இல் அவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். 2024 ஜனவரி முதல் கடைகளில் நாய்க்குட்டி, பூனைக்குட்டி விற்கக்கூடாது. வாங்குகிறவர் பொறுப்புகளைத் தெரிந்துகொண்டதாகக் கையெழுத்திட்டு, ஏழு நாள் கழித்துத்தான் குட்டியைப் பெறலாம். ஏழு நாள் யோசித்தால் பாதி ஆசை அடங்கிவிடும் என்பது கணக்கு.

நம் பக்கத்துக்கு வருவோம். 1980களின் தொடக்கத்தில் தமிழக அரசு சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்காக இனப்பெருக்க நிலையம் ஒன்றை நடத்தத் தொடங்கியது. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று குட்டிகள் அரசு விலையில் கிடைத்தன. அரசாங்கத்தையே நம்பி வாங்கலாம் என்று பலர் பெயர் பதிந்து காத்திருந்தார்கள். 2005 ஜனவரி 9 அன்று தபால் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இடம்பெற்றது. ஆனால் சைதாப்பேட்டையில் நாய்களை வைத்திருந்த விதம் சரியில்லை என்று வழக்குப் போய், 2016-இல் உயர்நீதிமன்றம் நிலையத்தை மூடச் சொன்னது. நான் அரசு ஊழியன். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அரசு முத்திரை இருந்தாலும் யாராவது உள்ளே போய்க் கூண்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

2017-இல் மத்திய அரசு நாய் வளர்த்து விற்பவர்களுக்கு விதிகள் கொண்டுவந்தது. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக்கூடாது. பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையைச் சினைக்கு விடக்கூடாது. பன்னிரண்டு மாதத்தில் ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் என்றால் ஐம்பத்தாறு நாள். ஆகவே "நாற்பத்தைந்து நாள் குட்டி" என்று விற்பவர் பெருமையோடு சொல்லும்போதே, விதியை மீறுகிறேன் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். நமக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

விற்பவரை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. என் நண்பர் காட்டிய வெள்ளைக் குட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையம் என்றால் பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு என்று வாங்குகிறவர்கள் பிடிவாதம் பிடித்தோம். உடம்புக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. அவை இல்லாமல் போனால் காது கேட்காது. அதனால் அந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் அதிகம். தாயும் மற்றக் குட்டிகளும் ஒன்றாக இருக்கும்போது செவிட்டுக் குட்டி மற்றவற்றைப் பார்த்து ஓடிவரும்; குறை தெரியாது. தனியே எடுத்து வைத்து, அது பார்க்காதபோது பின்னாலிருந்து கைதட்டினால் தெரியும். ஒரு காது மட்டும் கேளாமல் இருந்தால் அதற்கும் அகப்படாது. நேர்மையானவர் இதைத் தானே சொல்வார். வெள்ளைதான் வேண்டும் என்று நாம் அடம்பிடித்தால், நேர்மையானவர் தொழிலை விட்டுவிட்டுப் போவார், மற்றவர் நிலைப்பார்.

குட்டி இறந்து ஒரு வருஷம் கழித்து, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் கன்னி குட்டி போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். தாய் திண்ணையோரம் படுத்திருந்தது. ஈன்ற உடம்பு, இளைத்திருந்தது; ஆனால் கண் தெளிவு, தோல் சுத்தம். அவர் அதன் வாயருகே கையை நீட்டினார். அது நக்கிக் கொடுத்தது. பயந்து ஒதுங்கவில்லை. நான் கேள்வி கேட்பதற்கு முன் அவர் கேட்க ஆரம்பித்தார். "காம்பவுண்ட் எவ்வளவு உசரம் சார்? பகல்ல வீட்டில யார் இருப்பாங்க? சங்கிலியிலேயே கட்டிப் போட்ருவீங்களா?" அரசுத் தேர்வாணையத்தின் நேர்முகத்தில்கூட எனக்கு அவ்வளவு வியர்க்கவில்லை.

கடைசியில், "ஒத்துக்கிறேன். ஆனா இன்னும் பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க. ரெண்டு மாசம் தாய்கிட்ட இருக்கணும். கடிச்சு விளையாடுறப்ப தாய் அடக்கி வைக்கும். அதுக்கு முன்னாடி பிரிச்சா குட்டிக்கு அளவு தெரியாது" என்றார். அவருக்கு 2017 விதி தெரியுமோ தெரியாதோ, விதியின் காரணம் தெரிந்திருந்தது. வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் தன்னிடமே கொண்டுவந்து விடவேண்டும் என்றும் சொன்னார். பங்காளியிடம் கொடுத்த காலத்து வழக்கம் அவரிடம் மிச்சமிருந்தது.

காகிதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதிவு எண்ணைக் கேளுங்கள். ஊசி அட்டையில் புட்டி லேபிளையும், மருத்துவரின் பதிவு எண்ணையும், முக்கியமாகத் தேதிகளையும் பாருங்கள். ஆனால் அதெல்லாம் பிறகு. முதலில் அவர் வீட்டுக்குப் போங்கள். தாயைப் பாருங்கள். அவர் உங்களை எத்தனை கேள்வி கேட்கிறார் என்று எண்ணுங்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் குட்டியைக் கொடுக்கிறவருக்கு, அது எங்கே போனாலும் ஒன்றுதான்.

நண்பரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "முன்பணம் அனுப்பாதீங்க. நீங்களே வந்து தாயைப் பார்க்கிறதாச் சொல்லுங்க, என்ன பதில் வருதுன்னு பாருங்க" என்றேன். மறுநாள் வந்து சொன்னார்: அந்த எண் இப்போது எடுப்பதில்லையாம்.

இதை எழுதும்போது எங்கள் கன்னி வாசலில் படுத்திருக்கிறது. நான் கோவிவன் என்று பெயர் வைத்தேன். பேத்தி கோவி என்று கூப்பிடுகிறாள். அதற்குக் காது நன்றாகக் கேட்கிறது. தபால்காரர் தெருமுனைக்கு வரும்போதே எழுந்து நின்றுவிடும்.