கண்டிக்குப் போன வழி
அத்தியாயம் 9: தட்டப்பாறைக் காவல்

சென்ற வாரம் மோகனூர்ப் பரிசல் துறையில் அந்தக் கூட்டத்தை நிறுத்தியிருந்தோம். ராசிபுரம் பக்கத்திலிருந்தும் நாமக்கல் பக்கத்திலிருந்தும் கங்காணி கட்டிக்கொண்டு வந்த ஆட்கள். ஆண்கள், பெண்கள், இடுப்பில் குழந்தைகள். இவர்கள் பெயர்கள் எந்த ஏட்டிலும் நமக்காகக் காத்திருக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட கூட்டங்கள் வருடம் முழுக்கக் காவிரியைக் கடந்துகொண்டேயிருந்தன. நாமக்கல்லுக்கு ரயில் வந்ததே 2013இல்தான். அன்றைக்கு இந்தப் பக்கத்து ஆள் ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் ஆற்றைத் தாண்டிக் கரூர் போகவேண்டும். அங்கே ஏறினால் திருச்சி, மதுரை, தூத்துக்குடி, பிறகு கடல்.

கிளம்புவதற்கு முன் கங்காணி ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு தகர வில்லையைக் கயிற்றில் கோத்துக் கட்டினார் என்று சொல்லி முடித்திருந்தேன். அந்தத் தகரத்தில் என்ன இருந்தது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இப்போது பதில்.

அதில் ஆளின் பெயர் இல்லை. ஊரும் இல்லை. இருந்தது ஓர் எண், தோட்டத்தின் எண். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை அரசு கொண்டுவந்த ஏற்பாடு இது. வில்லையைக் காட்டினால் கையில் காசில்லாமல் தோட்டம்வரை போய்ச் சேரலாம். சாப்பாடு, கப்பல், கண்டிக் கோச்சி எல்லாவற்றுக்கும் அரசு பணம் கட்டிவிடும். கேட்டால் தர்மம் போலத் தோன்றும். ஆனால் அரசு அந்தச் செலவைத் தோட்டத்திடம் வசூலித்தது, தோட்டம் கங்காணியின் கணக்கில் பற்று எழுதியது, கங்காணி ஆளின் கணக்கில் எழுதினார். கடைசியில் எல்லாச் செலவும் வந்து நின்ற இடம், வில்லை தொங்கிய அந்தக் கழுத்துதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் முழுக்க இந்தக் கணக்குக் கூடவே வரும்.

ஏனென்றால் இவர்கள் கிளம்பியது சாதாரணக் காலத்தில் இல்லை.

1896இல் பம்பாயில் பிளேக் கண்டது. அடுத்த வருடம் பிப்ரவரியிலேயே கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. 1898இல் நோய் பெங்களூருக்கு வந்தது. பெங்களூருக்கு வந்துவிட்டால் சேலம் எத்தனை தூரம்? அன்றைய சேலம் மாவட்டம் ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. மைசூர்ச் சமஸ்தானத்தின் எல்லையே அதன் மேல் வாசல். சென்னை ராஜதானியில் பிளேக் திரும்பத் திரும்ப வந்து தங்கிய மாவட்டங்களில் சேலமும் கோயம்புத்தூரும் முக்கியமானவை. சென்னைப் பட்டணம் பெரும்பாலும் தப்பித்தது, உள்நாட்டு மேட்டுப் பகுதிகள் மாட்டிக்கொண்டன. இதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் இலங்கையில் இருந்தார். சற்றுப் பொறுங்கள்.

எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்துகொண்டு வெளியே காட்டில் குடிசை போடுவார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் இன்றும் கோயில்கள் இருக்கின்றன. மக்கள் பட்ட பயத்துக்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. நோய் கண்ட பகுதியிலிருந்து வெளியே போகிறவர் பாஸ்போர்ட் வாங்கவேண்டும். கடல் கடக்கிற பாஸ்போர்ட் இல்லை இது, பிளேக் பாஸ்போர்ட். போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள் அதிகாரி முன்னால் தலை காட்டி, உயிரோடும் காய்ச்சல் இல்லாமலும் இருக்கிறேன் என்று மெய்ப்பிக்கவேண்டும்.

இப்படிப்பட்ட காலத்தில் ஊரைவிட்டு, அதுவும் கடல் தாண்டிப் போவானேன்?

சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தால் விடை கிடைக்கும். 1871இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். பத்து வருடம் கழித்து 1881இல் சுமார் 16 லட்சம். பெருகியிருக்க வேண்டிய மக்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்துபோயிருந்தார்கள். நடுவில் வந்தது 1876–78 தாதுவருடப் பஞ்சமும், கூடவே வந்த வாந்திபேதியும். 1877ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் தென்னிந்தியாவிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இலங்கையில் போய் இறங்கினார்கள். அந்த நினைவு இந்தக் கூட்டத்தின் தாய் தகப்பன் காலத்து நினைவு. நோய் வந்தால் பிழைத்தாலும் பிழைக்கலாம், மழை பொய்த்து தானியக்குழி காலியானால் பிழைக்க வழியில்லை என்பது அவர்கள் உடம்பில் ஏறிய பாடம். அதனால் "நோய்க் காலத்தில் பயணமா?" என்று நம் வசதியில் உட்கார்ந்து கேட்கிற கேள்வியை அவர்கள் முன் வைப்பது நியாயமில்லை என்று நினைக்கிறேன்.

வழியின் ஆபத்தும் அவர்களுக்குத் தெரியாததில்லை. காப்பித் தோட்டக் காலத்தில் போனவர்கள் ராமேசுவரம் பக்கம் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். வடக்குப் பாதை என்று அதற்குப் பெயர். தண்ணீர் இல்லை, தங்குமடம் இல்லை, வாந்திபேதி மட்டும் உண்டு. 1840களில் அந்த வழியாகவும் தோட்டங்களிலுமாக 70,000 பேர் மாண்டிருக்கலாம் என்று கொழும்புப் பத்திரிகை ஒன்று 1849இல் எழுதியது. அந்தத் தொகை மிகையா இல்லையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். வழியில் விழுந்தவர்களை யாரும் எண்ணவில்லை என்பதால்தான் அந்த வாதமே முடியாமல் நீள்கிறது.

பிளேக் வந்ததும் இலங்கை அரசு அந்த வடக்குப் பாதையை மூடிவிட்டது. இனி தூத்துக்குடி வழி ஒன்றுதான். அக்கரையில் கொழும்புக்கு வடக்கே ராகமையில் ஒரு முகாம். போயர் யுத்தக் கைதிகளை வைத்திருந்த அதே ராகமை. பிறகு, வருகிறவர்களை இக்கரையிலேயே தடுத்து நிறுத்திப் பார்ப்பது இன்னும் நல்லது என்று முடிவாயிற்று. தூத்துக்குடிக்கு முந்தின தட்டப்பாறையில் இலங்கை அரசின் கேம்ப் எழுந்தது.

நம் கூட்டம் இப்போது அங்கேதான் இறங்குகிறது.

எந்த ஊர்? எந்தத் தாலுக்கா? அந்தக் கேள்விக்குச் சேலம் ஜில்லா என்று பதில் சொல்லவேண்டிய நிலையை நினைத்துப் பாருங்கள். மைசூர் எல்லையில் இருக்கிற, பிளேக் வந்துபோகிற ஜில்லா. (நாமக்கல் தாலுக்கா 1910இல் திருச்சி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டுப் பிறகு சேலத்துக்குத் திரும்பியது. அதனால் இந்த ஊர்க்காரர்களின் சுவட்டைத் தேடுகிறவர்கள் இரண்டு மாவட்டத்து ஏடுகளையும் புரட்டவேண்டும்.) நெறி கட்டியிருக்கிறதா என்று அக்குளையும் தொடையிடுக்கையும் தடவிப் பார்ப்பார்கள். உடுத்த துணியை வாங்கி ஆவியில் போடுவார்கள். குளிக்கச் சொல்வார்கள். அம்மை குத்துவார்கள். பிறகு கொட்டகையில் காத்திருப்பு, ஐந்தாறு நாள். யாருக்காவது காய்ச்சல் கண்டால் அந்தக் கூட்டத்துக்கே நாட்கள் நீளும்.

அதே ரயிலில் முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் வந்தவர்களை மருத்துவர் ஒரு பார்வை பார்த்து அனுப்பிவிடுவார். காவல் மூன்றாம் வகுப்புக்குத்தான். மலேயாவுக்குப் போனவர்களுக்கும் இதே கதை. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களைப் பினாங்குக் கரையில் இறங்கவிடாமல் ஜெரஜாக் தீவில் இறக்கி வைத்துப் பார்த்தார்கள்.

முகாமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கூட்டத்தில் ஒருவருக்கு அம்மை இருந்தால் லயம் முழுக்கப் பரவும். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு குடும்பம் கிடக்கிற இடம் அது. தடுத்து நிறுத்திப் பார்த்ததால் எத்தனையோ உயிர் தப்பியிருக்கும். எனக்கு வலிப்பது கணக்குப் புத்தகம். முகாம் காப்பாற்றியது தோட்டத்தை. முகாமில் கழிந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. ஊரில் வாங்கிய முன்பணம், ரயில், கப்பல், வழிச்சோறு எல்லாம் சேர்ந்து, ஒரு கொழுந்து கிள்ளுவதற்கு முன்பே ஆள் கடனாளி. அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஆணுக்கு ஒரு நாள் கூலி 33 காசு அளவில் இருந்தது. இருபது ரூபாய்க் கடன் என்றால், சாப்பிடாமல் உடுத்தாமல் உழைத்தாலும் அறுபது நாள் பேர் போடவேண்டும். கடன் தீராமல் வேறு தோட்டம் மாற முடியாது. மாறவேண்டுமானால் புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டித் 'துண்டு' வாங்கவேண்டும். ஆளையே விலைக்கு வாங்குவது போன்ற இந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. ஆள் சேர்க்கும் செலவைப் பொதுநிதியில் போட்டு, வருகிறவரைக் கடனில்லாமல் இறக்கவேண்டும் என்பதும் 1923க்குப் பிறகுதான் சட்டமாயிற்று.

இதைப் பழங்கதை என்று எண்ணவேண்டாம். 2020 மே மாதம், வெளிநாட்டில் சிக்கியிருந்தவர்களைத் திரும்ப அழைத்து வந்தபோது மத்திய அரசின் விதி என்ன? முதல் ஏழு நாள் தனிமைப்படுத்தல் பயணியின் சொந்தச் செலவில். விமானச் சீட்டும் அவர் செலவில். வேலை போய், சம்பளம் நின்று, வளைகுடாவிலிருந்து வந்தவருக்கும் அதே விதிதான் எழுதப்பட்டிருந்தது. நோய் ஊருக்குப் பொது. காவல் செலவு மட்டும் வழிப்போக்கன் தலையில்.

தட்டப்பாறைக்குத் திரும்புவோம். ஐந்தாறு நாள் முடிந்து நம் கூட்டம் கப்பலேறியது. இப்படியே வருடக் கணக்கில், ஆயிரமாயிரம் பேரின் அக்குளைத் தடவிப் பார்த்து, துணியை ஆவியில் போட்டு, பிளேக் ஒரு சொட்டும் இலங்கைக்குள் போகாமல் காத்துவிட்டதாக அதிகாரிகள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

1914 ஜனவரி. கொழும்புச் செட்டியார் தெருப் பக்கத்து அரிசிக் கிட்டங்கிகளில் எலிகள் செத்து விழுந்தன. பின்னாலேயே மனிதர்கள் விழுந்தார்கள். இலங்கையில் முதல் பிளேக்.

யார் கொண்டுவந்தார்கள்? சந்தேகம் போன திசையை நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் விசாரித்தவர்கள் கைகாட்டியது அரிசி மூட்டையை. மூட்டையோடு கப்பலில் வந்த எலியும், எலியின் மேல் இருந்த தெள்ளுப்பூச்சியும். தோட்டத்து ஆட்களின் வயிற்றுக்கென்று கடல் தாண்டி வந்துகொண்டிருந்த அரிசி! மனிதனை நிறுத்த முகாம் இருந்தது, மூட்டையை நிறுத்த ஒன்றுமில்லை. வியாபாரம் ஒரு நாளும் ஐந்தாறு நாள் காத்திருக்காது அல்லவா?

முன்னே பொறுக்கச் சொன்ன ஆள் இப்போது வருகிறார். கொழும்பு மாநகராட்சியின் நுண்ணுயிர் ஆய்வாளர் ஃபேபியன் ஹர்ஸ்ட். எலிகளின் மேலிருந்த தெள்ளுப்பூச்சிகளைப் பிடித்து நுண்ணோக்கியில் பார்த்து, கொழும்பு எலியின் தெள்ளும் பிளேக் மும்முரமாக இருக்கும் ஊர்களின் தெள்ளும் வேறு வேறு ஜாதி என்று கண்டார். கொழும்பிலும் சென்னைப் பட்டணத்திலும் பெருவாரியாக இருந்த ஜாதி பிளேக்கைப் பரப்புவதில் மந்தம். உள்நாட்டு மேட்டுப் பகுதிகளில் இருந்த ஜாதி கெட்டிக்காரி. சென்னை தப்பியதற்கும் சேலம் மாட்டியதற்கும் மனிதர்களின் சுத்தம் அசுத்தம் மட்டும் காரணமில்லை, எலியின் முதுகிலிருந்த பூச்சியும் காரணம். அதுவரை அசுத்தக்காரர்கள் என்று பழி சுமந்து வரிசையில் நின்ற அந்த மூன்றாம் வகுப்பு மனிதர்களிடம் இதை யாராவது போய்ச் சொன்னார்களா?

சொல்ல நேரமிருக்கவில்லை. கொழும்பில் பிளேக் கண்ட சில வாரங்களில், 1914 பிப்ரவரி 24இல், பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மார்ச் 1 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து மறுபடி ரயில். தூத்துக்குடிக் கடலில் குடலைப் புரட்டிய இரவு இனி இல்லை. தலைமன்னாருக்குக் கடல் வழி சில மணி நேரம்தான். வழி மாறியதும் காவலும் மாறியது. தட்டப்பாறை ஓய்ந்தது. மண்டபம் கேம்ப் எழுந்தது. வரிசை வரிசையாகக் கொட்டகைகள், ஆவிக் கொதிகலன், ஆஸ்பத்திரி. பிற்காலத்தில் இலங்கையிலிருந்து தப்பி வந்த அகதிகளைத் தங்கவைத்த அதே மண்டபம்.

பிளேக்குக்கு நாள் கணக்கு, அம்மைக்கு ஊசி, வாந்திபேதிக்குத் தனிக் கொட்டகை என்று எல்லாவற்றுக்கும் வழி வைத்திருந்தார்கள். தெரிந்த நோய்களுக்கு இதைவிடப் பலமான காவல் அன்றைய தென்னிந்தியக் கரையில் இல்லை.

1918 ஜூனில் பம்பாயில் ஒரு காய்ச்சல் தொடங்கியது. நெறி கட்டவில்லை, கொப்புளம் இல்லை. உடம்பு வலி, இருமல், மூன்றாம் நாள் சிலருக்கு மூச்சு முட்டல். அந்த வருடம் மழையும் பொய்த்தது. சேலம் நாமக்கல் மேட்டுக் காடுகள் காய்ந்தன. கங்காணிகளுக்கு ஆள் கிடைப்பது எளிதாயிற்று. பசியும் காய்ச்சலும் ஒரே ரயில் பெட்டியில் மண்டபத்தை நோக்கி ஏறின.

இலங்கையின் சாவுக் கணக்கை மாதவாரியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், அந்தக் காய்ச்சல் தீவுக்குள் இரண்டு வாசல் வழியாக நுழைந்திருக்க வேண்டும் என்று கணித்திருக்கிறார்கள். ஒன்று கொழும்புத் துறைமுகம். இன்னொன்று தலைமன்னார்.

தென்னிந்தியாவிலிருந்து தலைமன்னாரில் இறங்கும் மூன்றாம் வகுப்பு ஆள் யாரும் மண்டபத்துக் கொட்டகையில் படுக்காமல் வந்திருக்க முடியாது. அப்படியானால் 1918 ஐப்பசியில் அந்தக் கொட்டகைக்குள் நடந்தது என்ன?

(தொடரும்)