நீலாம்பூண்டி சமாதி

மலருக்கு நம்ம பக்கத்து வரலாறு ஒண்ணு எழுதச் சொன்னாங்க. செஞ்சிக்கோட்டையைப் பத்தி எழுத நிறைய பேர் இருக்காங்க. நான் நீலாம்பூண்டியில் இருக்கிற ஒரு போர்வீரன் சமாதியைப் பத்தி எழுதறேன்.

அந்த வீரன் பேரு மகபத்கான். ராஜா தேசிங்குக்கு உயிர்ச் சிநேகிதன். தேசிங்கு வடக்கே புந்தேல்கண்டு ராஜபுத்திர வம்சம். உண்மைப் பேரு தேஜ்சிங். நம்ம ஜனங்க வாயில் அது தேசிங்கு ஆயிடுச்சு. 1698-ல் செஞ்சிக்கோட்டை முகலாயர் கைக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் தேசிங்கோட அப்பா சொரூப்சிங்கைக் கோட்டைக்கு அதிகாரியா வெச்சாங்க. அவர் 1714-ல் இறந்ததும் மகன் வந்து பொறுப்பு எடுத்துக்கிட்டார். அப்போ அவருக்கு வயசு இருபத்தி ரெண்டுன்னு சொல்றாங்க.

ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான், பல வருஷத்துக் கப்பப் பாக்கியைக் கட்டுன்னு கேட்டார். தேசிங்கு கட்ட மாட்டேன்னுட்டார். நவாப் பெரும்படையோட வந்தார். தேசிங்குகிட்ட இருந்தது சில நூறு பேர்தான்.

மகபத்கானுக்கு அப்போ கல்யாணம். சண்டைன்னு சேதி வந்ததும் கல்யாணப் பந்தலை விட்டு எழுந்து வந்துட்டார்னு கதைப்பாட்டில் வருது. வந்தவர் முஸ்லிம், யாருக்காக வந்தாரோ அவர் இந்து. எதிர்த்து நின்ன நவாபும் முஸ்லிம்தான். அதனால அந்தச் சண்டை சாமிக்காக நடந்ததுன்னு யாரும் சொல்ல முடியாது. சிநேகிதன் கூப்பிட்டான், போனார். 1714 அக்டோபர் 3-ந்தேதி நடந்த சண்டையில் ரெண்டு பேருமே செத்துப்போனாங்க.

தேசிங்கைச் செஞ்சியில் செட்டிக்குளத்துக் கரையில் எரிச்சாங்க. மகபத்கானை நீலாம்பூண்டியில் புதைச்சாங்க. தேசிங்கு ஏறின குதிரைக்கும் அங்கேயே சமாதி இருக்கு. சண்டைக்குப் போன வாயில்லா ஜீவனுக்கும் ஒரு இடம் கொடுத்திருக்காங்க பாருங்க.

ஜெயிச்ச நவாப் கோட்டைக்குள்ள மசூதி கட்டி வெச்சார். கல்வெட்டும் இருக்கு. ஆனா நவாபுக்காக நம்ம பக்கம் யார் பாடறாங்க? முந்நூறு வருஷம் கழிச்சும் கூத்துக்காரங்க தோத்தவங்க கதையைத்தான் ராத்திரி பூரா ஆடறாங்க. தேசிங்கு விழுகிற இடம் வந்தா பாய் விரிச்சு உட்கார்ந்திருக்கிற பொம்பளைங்க முந்தானையால கண்ணைத் துடைப்பாங்க. தூங்கற பிள்ளையை எழுப்பி, பாருடான்னு காட்டுவாங்க. படிக்காத ஜனங்க வரலாறைக் காப்பாத்தினது இப்படித்தான்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். தேசிங்கோட ராணியும் அதே செட்டிக்குளத்துக் கரையில் உடன்கட்டை ஏறினாங்க. அந்தப் பொண்ணு நினைவா நவாப் ஒரு ஊரையே உண்டாக்கினார். ராணிப்பேட்டைன்னு பேரு வந்தது அதனாலதான். ஊருக்குப் பேர் வெச்சது பெருமையா இருக்கலாம். உயிரோட ஒரு சின்னப் பொண்ணு எரிஞ்சதை நாம பெருமையாப் பேசக்கூடாது. அந்த வழக்கம் ஒழிஞ்சது நல்லதாப் போச்சு.

ராணிக்காவது ஊர் இருக்கு. மகபத்கான் பந்தலில் விட்டுட்டு வந்த அந்தக் கல்யாணப் பொண்ணு என்ன ஆனா? மருதாணி வெச்ச கையோட எத்தனை நாள் வாசலைப் பார்த்திருப்பா? வீரனுக்குச் சமாதி இருக்கு, குதிரைக்குச் சமாதி இருக்கு, அவளுக்கு ஒரு கல்லுகூட இல்லை.

2025-ல் யுனெஸ்கோ செஞ்சிக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சுது. வெளியூர்க்காரங்க கோட்டையைப் பார்க்க வருவாங்க. நம்ம பிள்ளைங்களை நாம நீலாம்பூண்டிக்கும் கூட்டிட்டுப் போகணும். சிநேகிதனுக்காக வந்தவன் கதையைச் சொல்லணும். அப்படியே அந்தப் பொண்ணையும் சேர்த்துச் சொல்லணும்.

நம்ம குழுவில் வாரா வாரம் கூட்டம் முடிஞ்சதும் தீர்மான நோட்டில் ஒவ்வொருத்தியும் தன் பேரைத் தானே எழுதி கையெழுத்துப் போடறோம். கைநாட்டு வெச்ச அக்காங்ககூட இப்போ எழுதறாங்க. அந்த நோட்டைப் பத்திரமா வையுங்க. நாளைக்கு நம்ம பேத்திங்க எடுத்துப் பார்க்கும்போது, இந்த ஊரில் இருந்த பொம்பளைங்க யாரு யாருன்னு அதில் இருக்கும்.