பாறையெழுத்தும் சுவரெழுத்தும்



ஆண்டு மலருக்குக் கலையின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் எம்மைப் பணித்தபோது யாம் சற்றே மலைத்தோம். பார்சல் ரசீதும் சரக்குக் கணக்கும் எழுதித் தேய்ந்த கை இது. எஸ்.எஸ்.எல்.சி.க்கு மேல் யாம் கல்லூரி வாயிலை மிதித்ததில்லை. ஆயினும் மறுக்க மனம் வரவில்லை. காரணம் எம் ஊர்.

எம் ஊர் வடகரப்பதி. பாலக்காட்டு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கிழக்கு விளிம்பில் உள்ளது. முன்னாளில் இவ்வட்டம் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் முதல் நாள் கேரள மாநிலத்தில் அடங்கிற்று. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம் என்பது எங்கள் வாழ்க்கை. வேலந்தாவளத்தில் எல்லையைத் தாண்டிக் கோவை செல்லும் சாலையில் சில கல் தொலைவு போனால் குமிட்டிபதி என்னும் சிற்றூர் வரும். அங்குள்ள பதிமலைப் பாறைக் குடைவில், வெண்ணிறத்தால் தீட்டிய யானையும் மனித உருவங்களும் உள்ளன. ஏறத்தாழ 3,000 ஆண்டுப் பழைமை உடையவை என்று ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். சிறு வயதில் ஆடு மேய்க்கும் தோழர்களோடு யாம் அங்கே சென்றதுண்டு. அன்று அது எங்களுக்கு ‘யானைப் பாறை’, அவ்வளவுதான்.

சென்ற கோடையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மீண்டும் ஏறினோம். யானையைக் காணுமுன் நாங்கள் கண்டவை பெயர்கள். கரியாலும் பெயிண்டாலும் ஆணியாலும் எழுதிய பெயர்கள், அம்பு துளைத்த நெஞ்சங்கள், தேதிகள். யாம் கொதித்துப் போய், எழுதியவர்களை ஏசினோம். பத்தாம் வகுப்பில் படிக்கும் எம் மகன் அமைதியாக ஒரு வினாத் தொடுத்தான்: “மூவாயிரம் வருசத்துக்கு முன்னால ஒருத்தன் கிறுக்குனா ஓவியம், இப்ப ஒருத்தன் கிறுக்குனா தப்பாப்பா?”

எமக்கு உடனே விடை கிட்டவில்லை. இக்கட்டுரை அவ்வினாவுக்கு யாம் தேடிய விடை என்று கொள்க.

குகை ஓவியத்தை உலகம் எளிதில் நம்பிவிடவில்லை. 1867, 1868ஆம் ஆண்டுகளில் கார்லைல் என்ற ஆங்கிலேயர் நம் நாட்டின் மிர்சாப்பூர்ப் பகுதிக் குன்றுகளில் பாறை ஓவியங்களைக் கண்டார். ஸ்பெயின் தேசத்து அல்தமிரா குகை ஓவியங்கள் அறியப்பட்டது அதன் பின்னர், 1879இல். அங்கே தரையைத் தோண்டிக் கொண்டிருந்தார் சௌதுவோலா என்னும் தந்தை; உடன் வந்த அவருடைய சிறு மகள் தலையை நிமிர்த்திக் கூரையில் காட்டெருமைகளைக் கண்டாள். அறிஞர் பெருமக்களோ அவற்றைப் போலி என்று தள்ளினர். அவர் அப்பழியோடே 1888இல் மறைந்தார். 1902இல்தான், மறுத்தவர்களுள் முதன்மையானவரே தம் பிழையை அச்சில் ஒப்புக்கொண்டார். நம்மவருக்கு இதனினும் இனிய கதை ஒன்று உண்டு. 1957இல் ரயிலில் சென்ற வாகங்கர் என்னும் ஆய்வாளர், போபாலுக்கு அருகே சன்னல் வழியே வினோதமான பாறைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தேடிச் சென்றார். அதுவே பீம்பேட்கா, 2003இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நாள்தோறும் எத்தனை ஆயிரம் பேரை நாம் ரயிலேற்றி அனுப்புகிறோம்! சன்னலோரம் கேட்டு மன்றாடுவோரில் வெளியே பார்ப்பவர் எத்தனை பேர் என்பது வேறு கதை.

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு காட்டுப் பன்றியையும் அதனைச் சூழ்ந்த மூன்று மனித வடிவங்களையும் காட்டும் ஓவியம் குறைந்தது 51,200 ஆண்டுப் பழைமையுடையது என்று 2024இல் அறிவித்தனர். உழவு அறியாத, பானை வனையாத மனிதன் அதற்கு முன்பே கதை சொல்லத் தொடங்கிவிட்டான் என்று தெரிகிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். இடுக்கி மாவட்டத்து மறையூர், எங்களைப் போலவே தமிழ் வழங்கும் எல்லை ஊர். சந்தனக் காட்டுக்கும் முனியறை எனப்படும் கற்பதுக்கைகளுக்கும் பெயர் பெற்றது. அங்கும் ஓவியப் பாறைகள் உண்டு. அவற்றுள் ஒன்றை மக்கள் ‘எழுத்துக் குகை’ என்கின்றனர். அங்கிருப்பவை உருவங்கள்; ஆயினும் பெயர் எழுத்து! இச்சொல்லில் ஒரு நுட்பம் இருக்கிறது. பழந்தமிழில் ஓவியம் வரைவதும் எழுதுதலே. மகளிர் மேனியில் தொய்யில் எழுதினர். கண்ணுக்கு மை எழுதினர். மலையாளத்தில் இன்றளவும் கண்ணெழுதுதல் என்றே வழக்கு. பகவதி கோயில்களில் அரிசிமா, மஞ்சள், கரி, பச்சிலைப் பொடி முதலிய ஐவண்ணத்தால் தரையில் அம்மன் உருவம் வரைவதும் ‘களமெழுத்து’. பல நாழிகை பாடுபட்டு எழுதிய அவ்வுருவத்தைச் சடங்கின் முடிவில் ஆடியே அழித்துவிடுகின்றனர். நம் வீட்டுப் பெண்டிர் விடியலில் இடும் கோலமும் மாலைக்குள் காலடியில் போய்விடுகிறதே! நிலைத்து நிற்பதுதான் கலை என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று.

சித்தன்னவாசல் தாமரைக் குளத்தையும் ஏனைய கோயிற் சித்திரங்களையும் நீங்கள் அறிவீர்கள்; விரிக்க இடமில்லை. தஞ்சையை மட்டும் சொல்ல வேண்டும். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கோவிந்தசாமி என்னும் பேராசிரியர், பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருண்ட பாதையில், நாயக்கர் காலப் பூச்சு பெயர்ந்த இடத்தில் உள்ளே சோழர் கால ஓவியம் ஒளிர்வதைக் கண்டார். ஆக, எழுத்தின் மேல் எழுதும் வழக்கம் பதிமலைக்கு வந்த வாலிபர்களோடு தொடங்கியதன்று. பீம்பேட்காவிலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கு ஓவியங்கள் உள்ளன. எம் மகன் கட்சி இங்கே சற்று வலுப்பெறுகிறது என்பதை ஒளிக்காமல் ஒப்புகிறோம்.

இனி, எம் மனத்துக்கு மிகவும் நெருங்கியது தோல்பாவைக் கூத்து. ஷோரனூர் ஜங்ஷனில் மாற்று வண்டிக்குக் காத்திருந்தே நம்மில் பலர் ஆயுளில் பாதியைக் கழித்திருப்போம். அதற்கு அருகிலுள்ள கூனத்தறை என்னும் ஊரில் இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றும் புலவர் குடும்பம் வாழ்கிறது. அதனைச் சேர்ந்த ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாலக்காட்டுப் பகுதிப் பகவதி கோயில்களில் இதற்கென்றே கூத்துமாடம் கட்டியிருக்கின்றனர். நீளம் 42 அடி. திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் வரிசையாக எரியும். தோலில் துளையிட்டுச் செய்த பாவைகளின் நிழல் முன்னே விழும். ஏழு இரவு, பதினான்கு இரவு, இருபத்தொரு இரவு என்று கதை நடக்கும்.

என்ன கதை? இராமாயணம். யாருடைய இராமாயணம்? கம்பருடையது! மலையாள நாட்டின் நடுவே, மலையாளம் பேசும் புலவர், விளக்கொளியில் கம்பன் கவிகளைப் பாடிப் பொருள் விரிக்கிறார். கேட்பவர் யார்? பல இரவுகளில் எதிரே ஓர் ஆளும் இருப்பதில்லை. அதனாலும் குறைவில்லை. இராவண வதம் நடந்தபோது பத்ரகாளி தாரிகனோடு போரில் இருந்தமையால் அதனைக் காணவில்லையாம். அவள் காண்பதற்கே இக்கூத்து என்பது ஐதிகம். பார்ப்பவள் அவள், மற்றவர் வந்தால் வரலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் மகளுடன் ஒரு கூத்துமாடத்தின் எதிரே பாய் விரித்து அமர்ந்திருந்தோம். அவள் தமிழ் எழுத்தை வாசிக்கக் கற்றவள் அல்லள், குறை எம்முடையது. நள்ளிரவுக்குமேல் தூக்கக் கலக்கத்தில் எம் தோளைத் தட்டி, “அப்பா, இவங்க பாடுறது நம்ம தமிழா?” என்றாள். ஆம் என்றோம். “அப்ப ஏன் எனக்குப் புரியல, அவங்களுக்குப் புரியுது?” என்றாள். இதற்கும் யாம் அன்று விடை சொல்லவில்லை. இக்காலனியில் எத்தனை வீட்டில் இக்கேள்வி எழக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள்.

தெருவுக்கு வருவோம். மெக்சிகோ நாட்டில் ரிவேரா போன்றோர் 1920களில் அரசாங்கக் கட்டடச் சுவர்களையே ஏழை மக்களின் சரித்திரப் புத்தகமாக்கினர். 1989இல் திறந்துவிடப்பட்ட பெர்லின் சுவரின் ஒரு நீண்ட பகுதியில், மறு ஆண்டே நூற்றுக்கு மேற்பட்ட ஓவியர் பல நாடுகளிலிருந்து வந்து படம் தீட்டினர். நம் ஊர்ச் சுவர்களோ அரசியலுக்கு நேர்ந்துவிடப்பட்டவை. தேர்தலுக்குப் பல மாதம் முன்பே சுண்ணாம்படித்து, ‘புக்டு’ என்று எழுதிக் கட்சிப் பெயரையும் போட்டு வைப்பதைக் கேரளத்தில் யாரும் காணலாம். எம் தந்தையார் காலத்து வீட்டுச் சுவர் இரு கட்சிகளுக்கிடையே பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு உரியது. அச்சுவரெழுத்து ஓவியர்களும் சினிமா பேனர் ஓவியர்களும் பிளெக்ஸ் வந்தபின் தூரிகையை வைத்துவிட்டு வேறு தொழில் தேடினர். எண்பதடி உயர முகத்தைக் கட்டம் போட்டுக் கையால் எழுதிய திறமைக்கு ஓர் அருங்காட்சியகம்கூட எழவில்லையே என்பது எம் குறை.

சென்னைக் கண்ணகி நகரில் வேறொரு காட்சி. நகரின் பல குடிசைப் பகுதிகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்திய மக்களின் அடுக்கு வீடுகள் அவை. 2020இல் அவ்வீடுகளின் பெருஞ்சுவர்களில் ஓவியர்கள் மாபெரும் படங்களைத் தீட்டினர். சாக்கடையும் தண்ணீரும் சீராகாமல் படம் எதற்கு என்று கேட்பாரும் உளர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் தம் பகுதியின் பெயரைச் சொல்லவே கூசிய பிள்ளைகளுக்கு, நாடி வந்து பார்க்கத்தக்க ஒன்று அங்கே எழுந்தது சிறிய செய்தியன்று. சொந்த ஊரைவிட்டு வந்து காலனிச் சுவருக்குள் வாழும் நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

மகனுக்குச் சொன்ன விடை இதுதான். பதிமலையில் யானை எழுதியவன் தன் பெயரை எழுதவில்லை. தான் கண்டதை எழுதினான். நாயக்கர் ஓவியன் சோழர் ஓவியத்தை மூடினான் எனினும், தெய்வத்துக்கு ஓவியம் வேண்டும் என்றே மூடினான். ஆணியால் பெயர் கீறியவன் கீழே யானை இருப்பதைப் பார்க்கவே இல்லை. அவன் எழுதியது தப்பு என்பதைக் காட்டிலும், அவன் பார்க்கவில்லை என்பதே எமக்கு வருத்தம். மகன் முழுதும் ஒப்பவில்லை. “அவனும் தான் இங்க வந்தேன்னுதானே சொல்றான்” என்றான். அதையும் இங்கே பதிந்து வைக்கிறோம்.

வரும் சித்திரை விடுமுறையில் சங்கக் குடும்பங்கள் சேர்ந்து, ஓர் இரவு கூத்துமாடத்துக்கும் மறுநாள் பதிமலைக்கும் சென்று வரலாம் என்று செயற்குழுவில் பேச்சு எழுந்துள்ளது. விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். கூத்துக்குப் பாயும் போர்வையும் வேண்டும். மலைக்குத் தண்ணீர் போதும். பிள்ளைகளின் சட்டைப் பைகளைப் புறப்படுமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.