வில்லுத்தகடு (சண்டிலிப்பாய்ப் பிக்கப் வாகனங்கள்)

வில்லுத்தகடு என்பது பாரவாகனத்தின் அச்சைச் சட்டத்தோடு பிணைத்து, பாரத்தைத் தாங்கி, வீதியின் குலுக்கத்தை வாங்கிக்கொள்ளும் உருக்குத் தகடுகளின் அடுக்கு. யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் ‘ஸ்பிரிங் பிளேட்’ என்றால் இதுதான். வலிகாமம் தென்மேற்கில் உள்ள சண்டிலிப்பாயிலிருந்து சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றும் ‘பட்டா’ என்ற சிறு பாரவாகனத்துக்கும், கட்டட வேலைக்குச் சீமெந்தும் கம்பியும் ஏற்றும் ஹைலக்ஸ் பிக்கப்புக்கும் பின்பாரம் இதன்மேல்தான் நிற்கிறது.

மோட்டார் வருமுன்பே தமிழில் இதற்குச் சொல் இருந்தது. பாரவண்டியின் அச்சு நேரே சட்டத்தில் உட்கார்ந்திருக்க, ஆட்கள் ஏறும் வண்டிக்கு வளைந்த உருக்குத் தகடுகள் வைத்து அதை வில்வண்டி என்றார்கள். இங்கிலாந்தில் ஒபதையா எலியட் 1804இல் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை கேட்டார். குதிரை வண்டியின் கனத்த அடிச்சட்டம் அதன் பின் தேவையற்றுப் போனது. மோட்டார் வாகனம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

யாழ்ப்பாணத்தின் பழைய வாகனங்களில் ஒஸ்ரின் ஏ40க்கு முன்னால் சுருள்வில், பின்னால் வில்லுத்தகடு. 1948இல் வந்த மொறிஸ் மைனருக்கு முன்னால் முறுக்குத்தண்டு. பின்னால் அதுவும் தகடுதான். 1953இல் வந்த மைனர் பிக்கப்பும் அப்படியே. இந்தக் கார்கள் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அவற்றின் அடிப்பாகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எரிபொருளோடு உதிரிப்பாகங்களும் வராத அந்த நாட்களில், சுருள்வில் முறிந்தால் இன்னொன்று தேடவேண்டும்; தகடு முறிந்தாலோ, கழித்துப்போட்ட வாகனத்தின் தகட்டை வெட்டி, நுனி தேய்த்து, அடுக்கில் செருகிவிடலாம். வளைவு இறங்கிய தகட்டைக் கம்மாலையில் அடித்து ஏற்றலாம். பட்டறையில் பிழைக்கக்கூடிய உறுப்பு என்பதே இதன் பெருமை. எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு: வாகனத்துக்கு உதவாத தகடு கத்தியாகவும் கோடரியாகவும் கம்மாலையிலிருந்து வெளியே வரும்.

2009இல் ஏ9 பாதை மீண்டும் திறந்தபின் புதிய வாகனங்கள் வந்தன. இந்தியாவில் 2005இல் டாட்டா வெளியிட்ட ஏஸ், இலங்கையில் ‘டிமோ பட்டா’ என்று விற்பனையாகி, பட்டா என்ற பெயரிலேயே நின்றுவிட்டது. 750 கிலோகிராம் பாரத்துக்கு அமைத்த அந்தச் சிறுவாகனத்துக்கு முன்னச்சிலும் தகடுதான். ஹைலக்ஸ் 1968இல் ஜப்பானில் தொடங்கியது. முன்பக்கம் சுருள்வில், முறுக்குத்தண்டு, மீண்டும் சுருள்வில் எனப் பல மாற்றம் கண்டபோதும், அதன் பின்பக்கத் தகடு மட்டும் நீங்கவில்லை. 2020 முதல் சுமார் ஐந்தாண்டு வாகன இறக்குமதி நின்றபோது, இருந்த வாகனத்தைப் பேணுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

சுருள்வில் பாரத்தைத் தாங்கும். ஆனால் அச்சைப் பிடித்துவைக்க அதற்குத் தனியாகக் கைகள் வேண்டும். தகடு இரண்டையும் தானே செய்கிறது. பிரதான தகட்டின் முன்கண் (முன்நுனி வளையம்) சட்டத்தில் நிலையாகப் பூட்டப்பட்டிருக்கும். பின்கண் ‘ஷக்கிள்’ என்ற ஆடும் இணைப்பில் தொங்கும், ஏனெனில் பாரம் ஏறி வில் தட்டையாகும்போது அதன் நீளம் கூடுகிறது. ஒரு தகட்டின் தடிப்பை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். அதே தடிப்பில் இன்னொன்றை வைத்தால் இரண்டு மடங்குதான். தடித்த தகடு வளையும்போது மேற்பரப்பில் இழுவையும் அதிகம், சீக்கிரம் முறியும். அதனால்தான் ஒரே தடித்த தகடு போடாமல் மெல்லிய பலவற்றை அடுக்குகிறார்கள். அவை ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தில் ஒரு பங்கை அடக்கும். மிச்சம் ‘ஷொக்’ என்ற அதிர்வடக்கியின் வேலை. அடியில் தட்டையாகக் கிடக்கும் துணைத்தகடு வெறும் வண்டியில் சும்மா இருக்கும், பாரம் ஏறியபின்தான் தோள் கொடுக்கும்.

அடுக்கின் நடுவில் ஒரு சென்டர் போல்ட். அதன் வேலை அச்சை இடத்தில் நிறுத்துவது. இறுக்கிப் பிடிப்பவை யூ போல்ட்டுகள். அவை தளர்ந்தால் இழுவை முழுவதும் சென்டர் போல்ட்டில் விழுந்து அது அறுந்துவிடும், அல்லது தகடு அந்தத் துளையிலேயே முறியும். பிறகு அச்சு ஒருபக்கம் நகர, வண்டி நண்டு போல ஓடும். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அது முதலில் தெரியும். யூ போல்ட் மாற்றினால் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கவேண்டும் என்பது பலர் கேட்டும் செய்யாத காரியம்.

முறிவைக் கண்டுபிடிக்க அனுபவசாலி சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். நல்ல தகடு ஓசை எழுப்பும், வெடித்தது ‘டொக்’ என்று அடங்கும். வெடிப்பின் ஓரத்தில் செம்மஞ்சள் துருக்கோடு தெரிந்தால் தட்டவே தேவையில்லை. அதை வெல்டிங் பிடிப்பது வீண்: வில்லுருக்கு சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்தியது, வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய், பக்கத்திலேயே மறுபடி முறியும்.

மானிப்பாயிலிருந்து சண்டிலிப்பாய், சங்கானை வழியே காரைநகர் போகும் வண்டிகள் பொன்னாலைப் பாலத்தில் உப்புக்காற்று வாங்குகின்றன. மாரியில் ஒழுங்கைச் சேறு தகடுகளுக்கிடையே தங்கிவிடும். உப்பையும் சேற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி, கிறீஸ் முனை உள்ள ஷக்கிள் ஊசிகளுக்குக் கிறீஸ் அடிப்பதே பராமரிப்பின் பெரும்பகுதி. கழிவொயில் பூசும் பழக்கம் தகட்டின் கண்ணுக்குள் இருக்கும் பழைய உலோக புஷ்களுக்குப் பொருந்தும். றப்பர் புஷ் அதில் ஊதிக் கெடும். புதிய றப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போதுதான் இறுக்கவேண்டும், ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் இறக்கியதும் றப்பர் முறுகிக் கிழியும்.

கூடுதல் பாரத்துக்கென்று தகடு கூட்டுவது இங்கே சாதாரணம். வில் தாங்கினாலும் சட்டத்துக்கும் அச்சுக்கும் பிரேக்குக்கும் கம்பனி குறித்த அளவு மாறுவதில்லை. ஹைலக்ஸ் போன்ற பல பிக்கப்புகளில் பின்பிரேக்கின் அழுத்தத்தை ஒரு வால்வு தீர்மானிக்கிறது. சட்டத்துக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டே அது பாரத்தை அறியும். தகடு கூட்டிப் பின்பக்கம் உயர்ந்து நின்றால், ஒரு தொன் சீமெந்து ஏற்றியிருந்தாலும் அந்த வால்வு வண்டியை வெறுமை என்றே எண்ணிப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும்.