கியூபெக்கை விட்டுப் போன வடபுலத்தார்

1995 மே மாத இறுதியில் கனடாவின் கியூபெக் நகரம் தன் ஐஸ் ஹாக்கிக் குழுவை இழந்தது. அக்குழு நொடித்துப் போய்க் கலைந்துவிடவில்லை. அந்தப் பருவத்தில் கிழக்குப் பிரிவின் முதலிடத்தைப் பெற்றிருந்தது. இளம் ஆட்டக்காரர்கள் நிறைந்திருந்தனர். வருங்காலம் வாசலில் நின்றது. அந்த வருங்காலத்தோடு சேர்த்தே குழு விற்கப்பட்டது. ஒரு விளையாட்டுக் குழு யாருடைய உடைமை என்னும் கேள்வியை இவ்வளவு தெளிவாக முன்வைக்கும் வரலாறுகள் குறைவு என்பதால், நோர்திக் குழுவின் கதையை இங்கே சற்று விரிவாகப் பார்க்கலாம்.

'நோர்திக்' என்றால் வடபுலத்தார். 1972இல் தேசிய ஹாக்கி லீக்குக்குப் போட்டியாக உலக ஹாக்கி சங்கம் என்ற புதிய லீக் தோன்றியது. அதில் சான் பிரான்சிஸ்கோவுக்கென ஒதுக்கப்பட்ட இடம் கைமாறிக் கியூபெக்குக்கு வந்தது. மான்ட்ரியல் கனேடியன்ஸின் பெருவீரர் மொரீஸ் ரிஷார் முதல் பயிற்சியாளராக அமர்த்தப்பட்டு, இரண்டே ஆட்டங்களில் விலகிக்கொண்டார். ஆயினும் குழு வேரூன்றியது. 1977இல் வின்னிபெக்கை வென்று அந்த லீக்கின் ஆவ்கோ கோப்பையைக் கைப்பற்றியது.

அது ஆடிய கொலிசே அரங்கம் 1949இல் கட்டப்பட்டது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் இளைஞர் ஜான் பெலிவோ ஆடியபோது அங்கே திரண்ட கூட்டத்தை நினைந்து, 'பெலிவோ கட்டிய வீடு' என்றே ஊரார் அதைச் சொல்வதுண்டு. அந்த பெலிவோ பின்னர் மான்ட்ரியலுக்குப் போய்விட்டார். திறமை பெருநகரை நோக்கி ஒழுகுவதைக் கண்டு பழகிய ஊருக்கு, தனக்கென ஒரு குழு கிடைத்தது எத்தகைய நிமிர்வு என்பதை நாம் ஊகிக்கலாம். சட்டையில் மாகாணக் கொடியின் அல்லிமலர்ச் சின்னம் இருந்தது. பிரெஞ்சு பேசும் நகரின் குழு என்ற தன்னுணர்வு அதில் வெளிப்படையாகவே இருந்தது.

1979இல் இரு லீக்குகளையும் இணைக்கும் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, எதிர்த்து வாக்களித்தவர்களுள் மான்ட்ரியல் கனேடியன்ஸும் இருந்தது. கனேடியன்ஸின் உரிமையாளர் மோல்சன் மதுவாலை; நோர்திக்கின் பின்னே இருந்ததோ கார்லிங் ஓக்கீஃப் மதுவாலை. ரசிகர்கள் மோல்சன் பீரைப் புறக்கணித்தனர். சில நாட்களில் நடந்த மறுவாக்கெடுப்பில் திட்டம் நிறைவேறியது. மக்கள் தம் குழுவைப் பெற்றுத்தந்தது அரங்கத்தில் மட்டுமன்று, மதுக்கடைகளிலும்தான் என்பது இவ்வரலாற்றின் சுவையான பகுதி.

1980 ஆகஸ்டில் இன்னொரு நாடகம் நிகழ்ந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்தாஸ்த்னி சகோதரர்களில் பீட்டரும் ஆன்டனும் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகருக்கு ஆட வந்திருந்தனர். குழுத் தலைவர் மர்செல் ஒபூ அங்கு விரைந்து சென்று, அவர்களை வியன்னா வழியாகக் கனடாவுக்கு அழைத்துவந்தார். நிறைகர்ப்பிணியான பீட்டரின் மனைவியும் உடன் வந்தார். மூத்தவர் மாரியன் பிள்ளைகளை விட்டு வர இயலாமல் தாயகத்தில் தங்கினார். ஹாக்கி ஆடத் தடை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு அவரும் தப்பி வந்து சேர்ந்தார். மூன்று சகோதரர்களும் ஒரே சட்டை அணிந்து பனித்தளத்தில் இறங்கினர். முதல் பருவத்திலேயே 109 புள்ளிகள் குவித்த பீட்டர், சிறந்த புதுமுகத்துக்கான விருதைப் பெற்றார்.

எண்பதுகள் முழுவதும் மான்ட்ரியலுடனான பகை மாகாணத்தையே இரண்டாகப் பிளந்தது. 1982இல் டேல் ஹன்ட்டரின் கூடுதல் நேர கோல் கனேடியன்ஸை வெளியேற்றியது. 1984 புனித வெள்ளியன்று நடந்த ஆட்டம் மாபெரும் கைகலப்பாக முடிந்தது, வென்றது மான்ட்ரியல். அடுத்த ஆண்டு ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் பீட்டர் ஸ்தாஸ்த்னி பதிலளித்தார்.

பின்னர் சரிவு. 1989-90 பருவத்தில் 80 ஆட்டங்களில் 12 வெற்றிகளே. தோல்விக்குக் கிடைத்த ஆறுதல், இளம் வீரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை. 1991இல் தேர்ந்தெடுக்கப்பட்ட எரிக் லின்ட்ராஸ் கியூபெக்குக்கு ஆட மறுத்தார். ஓராண்டு இழுபறிக்குப் பின் அவரைப் பிலடெல்பியாவுக்கு அனுப்பி, பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் உள்ளிட்ட பல வீரர்களையும் 1.5 கோடி டாலரையும் குழு பெற்றது. வர மறுத்தவரால் கிடைத்தவர்களே குழுவை உயர்த்தினர்.

ஆனால் கணக்கேடு வேறு கதை சொன்னது. வருமானம் கனேடிய டாலரில்; வீரர்களின் ஊதியமோ அமெரிக்க டாலரில். கனேடிய டாலரின் மதிப்பு அப்போது முக்கால் அமெரிக்க டாலருக்கும் கீழே. லீக்கிலேயே மிகச் சிறிய சந்தை, பழைய அரங்கம். ஒபூ மாகாண அரசின் உதவியை நாடினார். அரசு தர முன்வந்தது அவர் கேட்டதற்கு ஈடாகவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் தனிநாட்டுக்கான பொது வாக்கெடுப்பை நடத்தவிருந்த மாகாணம், அதற்குச் சில மாதங்கள் முன்பே தன் அல்லிமலர்ச் சட்டையை இழந்தது. 7.5 கோடி அமெரிக்க டாலருக்குக் குழு டென்வருக்குப் போய், கொலராடோ அவலான்ச் ஆயிற்று.

அடுத்து நடந்தது கசப்பின் உச்சம். 1995 டிசம்பரில் மான்ட்ரியல் தன் கோல்காவலர் பத்ரிக் ருவாவைக் கொலராடோவுக்குக் கொடுத்தது. ருவா கியூபெக் நகரில் பிறந்தவர். குழு ஊரிலேயே இருந்திருந்தால் பரம வைரிக்கு இப்படியொரு கொடை கிடைத்திருக்குமா என்ற கேள்வியை அவ்வூர் ரசிகர்கள் விடவேயில்லை. 1996 ஜூனில் ஸ்டான்லி கோப்பை டென்வர் சென்றது.

மக்கள் பீரைப் புறக்கணித்து ஒரு குழுவைப் பெற முடிந்தது; அதே மக்களால் அதைத் தக்கவைக்க முடியவில்லை. குழுவின் பொருள் ஊராரிடமும், குழு உரிமையாளர்களிடமும் இருந்தது. விற்பனைப் பத்திரத்தில் முதலாவதற்கு இடமில்லை.

2015இல் பொதுப்பணத்தில் புதிய அரங்கம் எழுந்தது, லீக் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில். மறு ஆண்டு லீக் லாஸ் வேகாஸுக்குப் புதிய குழுவை அளித்து, கியூபெக்கின் விண்ணப்பத்தை ஒத்திவைத்தது. அதே அரங்கில் ரம்பார் என்னும் இளையோர் குழு ஆடுகிறது. 2023இல் நாடளாவிய மெமோரியல் கோப்பையை வென்றது. அப்போது அதன் பயிற்சியாளராக இருந்தவர் பத்ரிக் ருவா. போனவற்றுள் அவரேனும் ஊர் திரும்பினார் என்று நாம் ஆறுதல் கொள்ளலாம்.