திண்ணைப் பள்ளி: ஏடு தொடக்கமும் தண்டனை முறையும் (செங்கல்பட்டு வட்டாரம்)

கூடுவாஞ்சேரி உள்ளிட்ட செங்கல்பட்டுப் பகுதியில் ஆங்கிலவழிப் பள்ளிகள் பரவுமுன் சிறுவர் கல்வி பெரும்பாலும் திண்ணைகளில் நடந்தது. இதன் தொடக்க காலம் தெளிவாக அறியப்படவில்லை.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் 25-இல் உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். செங்கல்பட்டு மாவட்டம் 508 பள்ளிகளைக் காட்டியது. மாகாணம் முழுவதும், கல்லூரிகள் எனப்பட்டவையும் சேர்த்து, 12,498. மாணவர் 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர்தான். பள்ளி நுழைவு ஏறக்குறைய ஆண்பிள்ளைகளுக்கே உரிய சடங்காக இருந்ததை இவ்வெண்களே சொல்லும். வீட்டில் கற்றோர் இதில் அடங்கவில்லை என்பதால் எண்ணிக்கை பற்றிய விவாதம் இன்றும் தொடர்கிறது. இக்கணக்கெடுப்பை ஆதாரமாகக் கொண்டு ஆய்வாளர் தரம்பால் 1983-இல் வெளியிட்ட நூல் இப்பள்ளிகளில் பல சாதியினரும் பயின்றதை வலியுறுத்தியது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அங்கே எவ்வளவு இடம் கிடைத்தது என்பதில் ஆய்வாளர் உடன்படவில்லை.

ஏடு தொடக்கச் சடங்கையும் தண்டனையையும் விரிவாகச் சொல்வது இக்கணக்கெடுப்புக்காக அதே மாகாணத்தின் பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் அனுப்பிய 1823 அறிக்கை. பிள்ளைக்கு ஐந்து வயதானதும் வாத்தியாரும் மாணவரும் வீட்டுக்கு அழைக்கப்படுவர். பிள்ளையார் உருவத்தைச் சுற்றி எல்லாரும் அமர, பிள்ளையை எதிரே உட்காரவைத்து, வாத்தியார் அவன் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைப்பார். பெற்றோர் தம் வசதிக்கேற்பக் காணிக்கை தருவர். மறுநாள் முதல் ஒழுங்கு வேறு. முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயர் எழுதப்படும், இரண்டாமவனுக்குச் சுழியம், மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு என அடி ஏறும். சோம்பேறிக்குப் பிரம்படி, ஓயாத தோப்புக்கரணம், கைகளைக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடும் கோதண்டம். கோதண்டத்தைக் கொடுமை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' தஞ்சைப் பகுதித் திண்ணைப் பள்ளியை நினைவுகூர்கிறது. மாலையில் வீடு திரும்புமுன் பையன்களுக்குப் பூ, பறவை, ஊர்ப் பெயர்களைச் சொல்லி அனுப்புவார்கள். மறுநாள் மறக்காமல் ஒப்பிக்க வேண்டும். பிரம்பைப் பற்றிய பதிவுகளுக்கு நடுவே இவ்வழக்கம் தனித்து நிற்கிறது. நினைவாற்றலை இவ்வளவு இனிமையாக வளர்த்த பயிற்சி வேறு காண்பது அரிது.

மூத்த மாணவன் இளையவரை மேய்க்கும் சட்டாம்பிள்ளை முறையும் இப்பள்ளிகளுக்கு உரியது. எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், 1797-இல் இங்கிலாந்தில் இத்தகைய முறையை நூலாக வெளியிட்டார். மணலில் எழுதும் பழக்கத்தை அவர் உள்ளூர்ப் பள்ளியில் கண்டே எடுத்துக்கொண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையும் இங்கிருந்தே சென்றதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

பின்னர் மிஷன் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளும் திண்ணைகளின் இடத்தைப் பிடித்தன. ஏடு தொடக்கம் விஜயதசமி நாளில் இன்றும் கோயில்களிலும் பள்ளிகளிலும் நடக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவின்படி, பிள்ளைகளுக்கு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது.