கூழாங்கல் மெத்தையும் குழி தோண்டியவரும்

எலி என்றதும் நகரவாசிகளாகிய நமக்கு அரிசிப் பானையும் எலிப்பொறியுமே நினைவுக்கு வரும். வயலும் வரப்பும் கண்டு வளர்ந்தவர்களுக்கோ, மண்ணுக்குள் வளை தோண்டி, உழவன் விளைத்ததில் உரிமையோடு பங்கு கொள்ளும் வேறொரு கூட்டம் நினைவில் எழும். அக்கூட்டத்தின் வாழ்க்கை ஏட்டில் ஏறிய வரலாறு, நம்மில் பலர் புரட்டிப் பார்த்திராத ஒரு பக்கம்.

அதை எழுதியவர் வால்டர் எலியட். பெயரிலேயே எலி இருப்பது தற்செயல்தான்! 1803இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, சென்னை மாகாண ஆட்சிப் பணிக்கு வந்து, இளம் வயதிலேயே தார்வாருக்கு அனுப்பப்பட்டவர். தென் மராட்டா நாடு என்று அன்று வழங்கிய அப்பகுதி இன்றைய கருநாடகத்தின் வடபால் உள்ளது. 1824இல் கித்தூர் அரசி சென்னம்மாவின் படையினர் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோது, மேலதிகாரி தாக்கரே கொல்லப்பட்டார். எலியட் சிறைப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார். அத்தகைய நாட்களைக் கடந்துவந்த மனிதர், கல்வெட்டும் நாணயமும் தேடியதோடு எலி வளைகளையும் ஆராய்ந்தார் என்பது வியப்பே. அவர் தொகுத்த பாலூட்டிகளின் பட்டியல் 1839இல் ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது.

அப்பட்டியலில் என் உள்ளத்தைக் கவர்ந்தது ‘லெக்யாடே’ என்னும் சுண்டெலியே. உடல் நீளம் நான்கு அங்குலம் இருந்தால் அதிகம். முதுகு மயிர் தட்டையாய், முள்போல் விறைத்திருக்கும். செம்மண்ணும் சரளையும் கலந்த நிலத்தில், பெரும்பாலும் மேட்டின் சரிவில் வளை அமைக்கும். உள்ளே புகுந்தபின் வாயிலைச் சிறு கற்களால் அடைத்துக்கொள்ளும். வெளியே கிடக்கும் கற்குவியலே அதன் வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். வளையின் முடிவில் ஓர் அறை. அவ்வறையில் கூழாங்கற்களைப் பரப்பிய படுக்கை! வயிற்றில் அடர்ந்திருக்கும் மயிரே கல்லின் குளிர்ச்சியையும் கரடுமுரட்டையும் தாங்க உதவுகிறது என்று எலியட் கருதினார். ஆணும் பெண்ணும் இணைபிரியாது வாழும், இரவில்தான் வெளிவரும்.

‘கொக்’ என்பது இன்னொன்று. அது நம் ஊர்ப் பெருச்சாளிக்கு இளைய உறவு. தெலுங்கில் ‘கொக்கு’ என்றால் எலிதான். பன்றியெலி எனப் பொருள்படும் ‘பந்திகொக்கு’வே ஆங்கிலத்தில் ‘பாண்டிகூட்’ ஆயிற்று. இது அறுவடைக் காலத்தில் சோளக் கதிர்களை முழுமுழுதாக இழுத்துச் சென்று வளையில் சேமிக்கும். ஒரே வளையில் அரைச் சேர் தானியம் கிடைத்ததும் உண்டு.

இவற்றையெல்லாம் எலியட் எங்ஙனம் அறிந்தார்? வளையைத் தோண்டிப் பார்த்தவர்கள் வேறு. குளமும் கிணறும் வெட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒட்டர்கள் எலியைப் பிடித்து உண்டார்கள்; அது சேமித்த தானியத்தையும் எடுத்து உண்டார்கள். அறுவடைப் பருவத்தில் சில இடங்களில் ஏறக்குறைய அதனைக் கொண்டே வாழ்ந்தார்கள் என எலியட் எழுதுகிறார். எந்த மண்ணில் எந்த எலி, எத்தனை அறை, எங்கே வாயில் என்பதெல்லாம் பசி கற்பித்த பாடம்.

1826இல் அவர்களுடைய திறமைக்கும் சோதனை வந்தது. ‘மெட்டாடே’ என்றொரு மென்மயிர் எலி. அது தானே தோண்டுவதில் சோம்பல் உடையது. புதரடியில் சிறு பள்ளம், கற்குவியல், கொக் கைவிட்ட வளை, கோடையில் கரிசல் நிலம் பிளக்கும்போது உண்டாகும் வெடிப்பு, இவையே அதன் இருப்பிடம். பருவமழையின் தொடக்கத்தில் வெடிப்புகள் இடிந்து மூட, ஆண்டுதோறும் அவ்வெலிகள் பெருந்தொகையாக மடியும். அவ்வாண்டோ தொடக்க மழை குறைந்துபோயிற்று. எலிகள் பெருகின. விதைத்தவுடன் விதையைத் தின்றன. தப்பி வளர்ந்த பயிர் முற்றும் தறுவாயில் சோளத்தட்டையில் ஏறிக் கதிரை அறுத்து வீழ்த்தின. மழை பொய்த்த துன்பத்தோடு இத்துன்பமும் சேர்ந்தது. முழு வயல்களே பாழாகிக் குடியானவர்கள் நிலவரி செலுத்த இயலாமற் போனதை, வரி தண்டும் துறையில் இருந்த எலியட் நேரில் கண்டார். இத்தனை டஜன் எலிக்கு ஒரு படி தானியம் என்று பேசிக் குடியானவர்கள் ஒட்டர்களை அமர்த்தினார்கள். ஆயிரக்கணக்கில் கொன்றும் எலிகளின் தொகை குறைந்ததாகத் தெரியவில்லை.

எலியட்டின் குறிப்புகளை 1867இல் ஜெர்டனும் 1884இல் ஸ்டெர்ண்டேலும் தத்தம் நூல்களில் எடுத்தாண்டார்கள். எலியட்டோ இறுதிக் காலத்தில் பார்வை மங்கிய நிலையிலும் தென்னாட்டை மறக்கவில்லை. 1887 மார்ச் முதல் நாள் மாலை அவர் மறைந்தார். அன்று காலையில் சொல்லி எழுதுவித்த கடிதம், திருக்குறளை மொழிபெயர்த்த போப் அவர்களுக்கு உரியது.

இனி அந்தப் பெயர்கள். லெக்யாடே, மெட்டாடே இரண்டும் ஒட்டர் வாய்ச்சொற்கள். எலியட் அவற்றை அப்படியே குறித்துக்கொண்டார். 1837இல் இலண்டன் அறிஞர் கிரே, முன்னதிலிருந்து ‘லெக்கடா’ என்றொரு பேரினப் பெயரைப் படைத்தார். அது பின்னாளில் வழக்கிழந்தது. மெட்டாடேயை ‘மெல்டாடா’ என்று பதிந்தார். இரண்டு ‘ட’கர ஒலிகளுள் ஒன்று எங்கோ ‘ல்’ ஆகிவிட்டது. படியெடுக்கையில் ஓர் எழுத்து மாறுவது எத்தனை எளிது என்பதை என் போன்ற எழுத்தர்களிடம் கேட்க வேண்டும்! 1911இல் அவ்வெலிக்குப் புதிய பேரினப் பெயர் வந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் மில்லார்டு நினைவாக அது ‘மில்லார்டியா மெல்டாடா’ ஆயிற்று. மில்லார்டு யார் என்பது ஏடுகளில் இருக்கிறது. மெட்டாடே என்று முதலில் சொல்லிக்கொடுத்தவர், படி தானியத்துக்காகக் கரிசல் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்த யாரோ ஒருவர்.